ராக்கி மலை மேய்ச்சல் நிலத்து மண்ணைப் படிப்பது எப்படி: குழி தோண்டுவது முதல் மூடுவது வரை

கொலராடோ, வயோமிங், மான்டானா பக்கம் கோடைக்காலக் களவேலைக்கு வரும் மாணவர்களோடு பல ஆண்டுகளாக மண்குழி தோண்டி வருகிறேன். வருகிறவர்கள் எல்லாரும் வகுப்பில் மண்ணைப் படித்தவர்கள்தான். ஆனால் அவர்கள் படித்தது வயல் மண். கல் குறைந்த, ஆழமான, தட்டையான நிலத்து மண். அதே முறையில் ராக்கி மலைச் சரிவை அளந்தால் எண்கள் தப்பாக வரும். இங்கே கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் கிடைத்த இடத்தில்தான் மண் இருக்கிறது. அந்த இடம் எவ்வளவு, எத்தனை ஆழம் வரை போகிறது, அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற மூன்றையும் சரியாகச் சொன்னால், அங்கே என்ன புல் எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

படிகளின் வரிசையை மாற்றாதீர்கள். சில சோதனைகளை மண் கலைவதற்கு முன்னால்தான் செய்ய முடியும்.

1. கிளம்புவதற்கு முன்: அனுமதி, வரைபடம், சாமான்

முதலில் நிலம் யாருடையது என்று பாருங்கள். ஒரே பள்ளத்தாக்கில் தனியார் பண்ணை, வனத்துறை நிலம், கூட்டரசின் நில மேலாண்மைத் துறை நிலம் மூன்றும் ஒட்டிக் கிடக்கும், பல இடங்களில் நடுவில் வேலியே இருக்காது. அரசு நிலம் என்றால் அந்தப் பகுதி அலுவலகத்தில் அனுமதி வாங்குங்கள். தனியார் நிலம் என்றால் பண்ணைக்காரரை நேரில் பார்த்துக் கேளுங்கள். எந்தச் சரிவில் புல் முதலில் காய்கிறது, எங்கே வசந்தத்தில் வண்டி புதைகிறது என்று அவர் சொல்வது எந்த வரைபடத்திலும் இருக்காது. கேட் திறந்திருந்தால் திறந்தபடியே விடுங்கள், மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள்.

அடுத்தது 811. அமெரிக்காவில் எங்கே மண்ணைத் தோண்டினாலும் சில வேலை நாட்களுக்கு முன்பே இந்த எண்ணுக்கு அழைத்து இடத்தைச் சொல்ல வேண்டும். ஆள் நடமாட்டமே இல்லாத புல்வெளியின் அடியில்கூட எரிவாயுக் குழாய் ஓடும். "நாம் கையால்தானே தோண்டுகிறோம்" என்று இதை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். அதே கையில்தான் கடப்பாரையும் இருக்கிறது.

பிறகு, அமெரிக்க வேளாண் துறை இணையத்தில் இலவசமாகத் தரும் மண் வரைபடத்தை எடுத்து, நீங்கள் போகும் இடத்துக்கு என்ன எழுதியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மலை மேய்ச்சல் நிலங்களில் வரைபடத்தின் ஒரு கட்டம் பெரும்பாலும் ஒரே மண் அல்ல. இரண்டு மூன்று மண்களைச் சேர்த்து ஒரே பெயரில் போட்டிருப்பார்கள், பாறை தெரியும் பகுதியும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கும். எது எங்கே என்று வரைபடம் சொல்லாது, நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். புதியவர்கள் வரைபடத்தில் முதலில் வரும் பெயரைப் படிவத்தில் எழுதிவிட்டு, பிறகு குழியில் அதையே தேடுகிறார்கள்.

சாமான்களில் முதல் இடம் கடப்பாரைக்கு. நீள அலகுள்ள குறுகிய மண்வாரி, பிக்காசு, இரண்டு தார்ப்பாய், வாளி, கைத்தராசு, 2 மில்லிமீட்டர் சல்லடை, அளவு நாடா, கத்தி, தண்ணீர் ஸ்ப்ரே பாட்டில், மன்செல் நிற அட்டை, சொட்டு பாட்டிலில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம், சரிவுமானி, திசைகாட்டி, மெல்லிய பாலித்தீன் தாள் ஆகியவை வேண்டும். அமிலத்தை நீங்களே கலப்பதாக இருந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீரை ஊற்றாதீர்கள். கண்ணாடி போடாமல் பாட்டிலைத் திறக்கவும் கூடாது.

துளைக்கருவி மட்டும் போதும் என்று வருகிறவர்கள் முதல் நாளே ஏமாந்துபோவார்கள். ஆகர் எனப்படும் அந்தத் திருகு, கல்லைத் தொட்ட இடத்தில் நின்றுவிடும். நின்ற ஆழத்தையே மண்ணின் ஆழம் என்று எழுதுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது.

2. எந்த மாதம், எந்த நேரம்

ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் முடிய நல்ல காலம். அதற்கு முன் பனி உருகி மண் சேறாக இருக்கும். அப்போது வண்டி ஏற்றினால் அந்தத் தடம் பல ஆண்டு கிடக்கும். ஈர மண் அழுந்தியது அழுந்தியதுதான். குறுகிய கோடையில் அது தானாக இளகுவது மெதுவாகத்தான் நடக்கும்.

காலையில் சீக்கிரம் தொடங்கி மதியத்துக்குள் குழி வேலையை முடியுங்கள். ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை கூடிவிடும். மரமில்லாத முகட்டில் இரும்புக் கடப்பாரையோடு நிற்கிற நேரமல்ல அது. கோடையின் முதல் பாதியில் உண்ணி அதிகம், நீளக் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொள்ளுங்கள்.

3. தோண்டாதீர்கள், முதலில் நடங்கள்

வண்டியிலிருந்து இறங்கியதும் மண்வாரியைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் நடங்கள். முகடு, சரிவின் தோள், நடுச்சரிவு, அடிவாரம், ஓடையோரம் என ஒவ்வொன்றிலும் மண் வேறு. முகட்டில் காற்றும் நீரும் மண்ணை எடுத்துக்கொண்டே இருப்பதால் ஆழம் குறைவு. அடிவாரத்தில் மேலிருந்து வந்தது சேர்வதால் ஆழமாகவும் கறுப்பாகவும் இருக்கும். நூறு மீட்டர் தூரத்துக்குள்ளேயே இரண்டையும் பார்க்கலாம்.

சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை நம்மூர்க்காரர்கள் அடிக்கடி எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். காரணம் புரிகிறது. தமிழ்நாட்டில் சூரியன் ஆண்டில் சுமார் நான்கு மாதம் உச்சிக்கு வடக்கேகூடப் போகும். மலையின் தெற்கு முகம், வடக்கு முகம் என்று பெரிதாகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. 40 பாகை வடக்கில் நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே சாய்ந்தே நிற்கும். அதனால் தெற்கு முகத்தில் பனி சீக்கிரம் உருகும், மண் காயும், புல் அடர்த்தி குறையும். வடக்கு முகத்தில் பனி நின்று மெல்ல இறங்கும், மட்கு சேரும், பல இடங்களில் மரமே வந்துவிடும். ஒரே பாறை, ஒரே உயரம், இரண்டு வேறு மண். எனவே திசைகாட்டியை எடுத்துப் பாகையோடு எழுதுங்கள்.

செடிகளையும் படியுங்கள். இங்கே நிற்கும் சேஜ்பிரஷ் என்ற புதர்ச்செடியை அந்தப் பெயரில் மொத்தமாக எழுதாதீர்கள், அதில் வகை பார்த்தால் பாதி மண் தெரிந்துவிடும். பேசின் பெருஞ்சேஜ் ஓடையோரத்து ஆழமான வண்டலில் ஆள் உயரத்துக்கு நிற்கும். வயோமிங் பெருஞ்சேஜ் தாழ்வான, வறண்ட இடத்துக்குரியது. மலைப் பெருஞ்சேஜ் உயரமான, ஈரம் அதிகமுள்ள, கறுப்பு மேல்மண்ணில் வரும். கடைசி இரண்டையும் பிரிக்க எளிய வழி உண்டு. நாலு இலையைக் கசக்கித் தண்ணீரில் போட்டு, இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள். மலைப் பெருஞ்சேஜ் பளிச்சென்று நீல ஒளி விடும், மற்றது மங்கலாகவே இருக்கும். கருஞ்சேஜ் என்ற குள்ளச் செடி விரித்தாற்போல் நின்றால் அடியில் சுண்ணாம்பும் ஆழமில்லாத மண்ணும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். கிரீஸ்வுட் என்ற புதர் நின்றால் உவரோ களரோ இருக்கும்.

இவ்வளவும் பார்த்த பிறகு, அந்தச் சரிவின் பெரும்பகுதிக்குப் பொதுவாகத் தெரியும் இடத்தில் குழியைக் குறியுங்கள். மாட்டுத்தடம், தண்ணீர்த் தொட்டிப் பக்கம், எலிவளை மண் குவிந்த இடம், சாலையோரம் எல்லாம் வேண்டாம். தோண்ட எளிதாக இருக்கிறது என்பதற்காகக் கல்லில்லாத மூலையைத் தேடுவதும் தவறு. அந்தச் சரிவைக் கல்தான் ஆள்கிறது என்றால் குழியும் கல்லில்தான் விழ வேண்டும்.

4. மண்வாரி வைக்கும் முன் மேற்பரப்பு

குழி தோண்டினால் சுற்றிலும் இரண்டு மீட்டர் மிதிபட்டுவிடும். அதனால் இதை இப்போதே செய்ய வேண்டும்.

வெற்றுத்தரை எவ்வளவு, சருகு எவ்வளவு, கல் எவ்வளவு என்று விழுக்காட்டில் எழுதுங்கள். கல்லை வெற்றுத்தரையோடு சேர்க்காதீர்கள். மேலே கிடக்கும் சரளை மழைத்துளியின் அடியை வாங்கிக்கொள்கிறது, அடியில் ஈரத்தையும் காக்கிறது. அதனால் கல் மூடிய தரையின் அரிப்பு வேறு, கல்லில்லாத வெற்றுத்தரையின் அரிப்பு வேறு. புல் தூர்கள் சின்னச் சின்ன மண்மேடையில் நிற்கிறதா என்று பாருங்கள். சுற்றியுள்ள மண் அடித்துப்போய்த் தூர் மட்டும் நிற்பதால் வரும் மேடை அது. சில இடங்களில் பனி உறைந்து தூக்கியதாலும் மேடை வரும். பக்கத்துச் சரிவில் வாய்க்கால் கீறல்கள் இருந்தால் அரிப்பு என்று நம்பலாம்.

அடுத்து மண் கட்டியின் உறுதி. செடிக்கு அடியிலிருந்தும் செடிகளுக்கு இடையிலிருந்தும் தனித்தனியாக, மேலே 3 மில்லிமீட்டர் தடிமன், 6 முதல் 8 மில்லிமீட்டர் அகலமுள்ள மண் சில்லுகளை எடுங்கள். களத்தில் பயன்படும் பெட்டியில் 18 சில்லுக்கு இடம் இருக்கும். சில்லு காய்ந்திருக்க வேண்டும். சிறு சல்லடையில் வைத்து, உப்பில்லாத தண்ணீரில் ஐந்து நிமிடம் விட்டு, பிறகு ஐந்து முறை முக்கி எடுங்கள். ஐந்து நொடிக்குள் பாதி கரைந்தால் 1. எல்லாம் முடிந்தும் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே நின்றால் 6. நல்ல புல்வெளியில் தூருக்கு அடியில் எடுத்த சில்லு தண்ணீருக்குள் ஐந்து நிமிடம் அசையாமல் கிடப்பதை ஒருமுறை பார்த்தால் போதும், வேரும் பூஞ்சையும் மண்ணைக் கட்டிவைப்பது என்றால் என்ன என்று பாடப்புத்தகம் தேவைப்படாது. குழி தோண்டிய பின் இதைச் செய்ய நினைத்தால் மேல்மண் கலைந்திருக்கும், வேர்வையோ மழையோ பட்டிருக்கும். எண் செல்லாது.

5. குழி தோண்டுதல்

அகலம் 60, நீளம் 100 சென்டிமீட்டர் போதும். படிக்கப்போகும் முகம் சரிவின் மேல்பக்கமாக இருக்கட்டும். அந்தப் பக்கம் காலை வைக்காதீர்கள், மண்ணையும் போடாதீர்கள். முடிந்தால் வெயில் நேராக அந்த முகத்தில் விழும்படி அமையுங்கள், பாதி நிழலும் பாதி வெயிலுமாக இருந்தால் நிறம் ஏமாற்றும்.

முதலில் புல்தரையை வேரோடு கட்டம் கட்டமாக வெட்டி நிழலில் வையுங்கள். மேல்மண் ஒரு தார்ப்பாயில், அடிமண் இன்னொன்றில். கலந்துவிட்டால் மூடும்போது அடிமண் மேலே வரும், அந்தச் சதுரத்தில் பல ஆண்டு களைதான் முளைக்கும். கொலராடோ, வயோமிங்கின் தாழ்வான பகுதிகளில் சீட்கிராஸ் என்ற அயல் புல் இப்படிப்பட்ட வெற்றிடத்துக்காகவே காத்திருக்கிறது.

ஒரு மீட்டர் ஆழம், அல்லது பாறை. ஒரு மீட்டருக்குக் கீழே போக வேண்டாம், சரளைச் சுவர் சொல்லாமல் சரியும். தோண்டும்போது அம்பு முனை, கல்கருவி, பானை ஓடு என்று ஏதாவது தென்பட்டால் அங்கேயே நிறுத்தி, அனுமதி தந்த அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். கூட்டரசு நிலத்தில் அவற்றை எடுப்பது குற்றம்.

"அண்ணா, பாறை வந்துவிட்டது, 30 சென்டிமீட்டர்" என்று கடந்த கோடையில் ஒரு மாணவி கூப்பிட்டார். எழுத வேண்டாம், கடப்பாரையை ஒரு சாண் தள்ளிப் போடுங்கள் என்றேன். ணங்கென்றது. இன்னொரு சாண் தள்ளினார். இந்த முறை சத்தம் மாறி, கம்பி நாலு விரல் இறங்கியது. அது பூசணிக்காய் அளவு உருண்டைக்கல். நெம்பி எடுத்ததும் அடியில் ஈரமான களிமண்ணும் தடித்த வேர்களும் இருந்தன. உண்மையான பாறை 85 சென்டிமீட்டரில்தான் வந்தது. பாறை என்று எழுதும் முன் குறைந்தது நாலு இடத்தில் குத்திப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் நின்றால்தான் பாறை. மண்வாரியால் சீவ முடிகிற மக்கிய பாறை என்றால் அதைத் தனியாகக் குறியுங்கள். அதன் வெடிப்புகளில் வேர் இறங்கும், தண்ணீரும் நிற்கும்.

6. அடுக்குகளைப் பிரித்தல்

மண்வாரி வழவழவென்று பூசிவிட்ட முகத்தைக் கத்தி முனையால் மேலிருந்து கீழாகக் கொத்தி எடுங்கள். அப்போதுதான் மண்ணின் இயல்பான கட்டிகள் தெரியும். பிறகு நாடாவைத் தொங்கவிட்டு ஒரு படம் எடுங்கள்.

நிறம், கல், கட்டியின் வடிவம், கத்தி இறங்கும் கடினம் ஆகிய நாலில் ஏதாவது ஒன்று எங்கே மாறுகிறதோ அங்கே ஆணி குத்துங்கள். நிறத்தை மட்டும் பார்த்துப் பிரிப்பவர்கள் களி சேர்ந்த அடுக்கைத் தவறவிடுவார்கள். அந்த அடுக்கில் கட்டிகள் சதுரமாகவோ தூணாகவோ உடையும். உடைத்த முகத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மெழுகு பூசியது போல ஒரு மினுமினுப்பு இருக்கும். மேலிருந்து தண்ணீரோடு இறங்கிய களி, கட்டியின் சுவரில் படிந்த தடம் அது.

நிறத்தைக் காய்ந்த நிலையிலும், ஸ்ப்ரே அடித்த ஈர நிலையிலும் இரண்டு முறை நிற அட்டையோடு ஒப்பிடுங்கள். புல்வெளிக்குரிய கறுப்பு மேல்மண் என்று சொல்ல, மன்செல் அட்டையில் ஒளிர்வு எண் ஈரத்தில் 3 அல்லது கீழே, காய்ந்தால் 5 அல்லது கீழே இருக்க வேண்டும். ஈரத்தில் எல்லா மண்ணும் கறுப்பாகத்தான் தெரியும், காய்ந்ததையும் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும்.

7. கல்லை அளத்தல்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

2 மில்லிமீட்டருக்கு மேல் எல்லாம் கல். 75 மில்லிமீட்டர் வரை சரளை, 250 வரை உருண்டைக்கல், 600 வரை பெருங்கல், அதற்கு மேல் குண்டுப்பாறை. ஒவ்வோர் அடுக்கிலும் கன அளவில் எத்தனை விழுக்காடு என்பதே நமக்கு வேண்டும். 15 முதல் 35 வரை ஒரு நிலை, 35 முதல் 60 வரை மிகுகல், 60 முதல் 90 வரை மிக மிகுகல்.

கண்மதிப்பில் புதியவர்கள் பெரும்பாலும் இரண்டு பக்கமும் தவறுகிறார்கள். பெரிய கல்லைப் பார்த்ததும் கூட்டிச் சொல்வார்கள், மண்ணோடு மண்ணாக இருக்கும் பொடிச் சரளையைப் பார்க்காமலே விடுவார்கள். அதனால் குறைந்தது ஓர் அடுக்கையாவது அளந்து பாருங்கள். அந்த அடுக்கில் ஒரு வாளி அளவுக்குக் குழிவு வெட்டி, வந்தது அத்தனையையும் தார்ப்பாயில் கொட்டுங்கள். குழிவில் பாலித்தீன் தாளை விரித்து விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினால் அதன் கன அளவு லிட்டரில் கிடைத்துவிடும். பிறகு மண்ணைச் சலித்து, கல்லையெல்லாம் அளவு குறித்த வாளித் தண்ணீரில் போட்டு, நீர்மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அதை முதல் எண்ணால் வகுத்தால் விழுக்காடு வந்துவிடும்.

தராசில் எடை போட்டு அப்படியே விழுக்காடு எழுதுவது இன்னொரு பெரிய தவறு. கல்லின் அடர்த்தி சுமார் 2.65, மண்ணுடையது சுமார் 1.3. எடையில் சரிபாதி கல் என்றால் கன அளவில் மூன்றில் ஒரு பங்குதான். ஆய்வகம் எடையில் தரும், நாம் கன அளவில் எழுதுகிறோம். எந்த எண் எது என்று பக்கத்தில் குறித்தே ஆக வேண்டும்.

கல்லை வாளித் தண்ணீரில் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒவ்வொரு கல்லையும் எடுக்கும்போது எது மேல்பக்கம் என்று பார்த்து, பிறகு கவிழ்த்துப் பாருங்கள். வறண்ட சரிவுகளில் மேல்பக்கம் சுத்தமாக இருக்கும், அடிப்பக்கம் மட்டும் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டியிருக்கும், சிலதில் சின்னச் சொட்டுகளாகத் தொங்கும். இறங்கிய தண்ணீர் கல்லின் அடியில் தங்கிக் காய்ந்து, கரைந்திருந்த சுண்ணாம்பை அங்கேயே விட்டுப் போயிருக்கிறது. இப்படிப்பட்ட கல் எந்த ஆழத்தில் தொடங்குகிறதோ, ஏறக்குறைய அந்த ஆழம் வரைதான் மழையும் பனிநீரும் வழக்கமாக இறங்கியிருக்கின்றன. மழைமானி இல்லாத மலையில் இது நமக்குக் கிடைத்த மழைமானி. வண்டி நிறுத்திய இடத்தில் கல்லை மொத்தமாகக் கொட்டிக் கழுவிவிட்டால் இந்தச் செய்தி போய்விடும்.

8. மண் நயம்: கையால்

2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்கிய மண்ணை மட்டும் எடுங்கள். சப்பாத்தி மாவுப் பதத்துக்குத் தண்ணீர் விட்டுப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடா போலத் தள்ளுங்கள். 2.5 சென்டிமீட்டருக்குள் முறிந்தால் வண்டல் வகை (ஓடை கொண்டுவந்த வண்டல் அல்ல, மணலும் களியும் கலந்த மண் நயத்தின் பெயர்), 2.5 முதல் 5 வரை போனால் களி வண்டல் வகை, 5 ஐத் தாண்டினால் களிமண். அப்புறம் உள்ளங்கையில் நிறையத் தண்ணீரோடு தேய்த்து, நறநறப்பு மிஞ்சுகிறதா மிருதுத்தன்மை மிஞ்சுகிறதா என்று பாருங்கள்.

அவசரப்படாதீர்கள். காய்ந்த களி, தண்ணீரை மெதுவாகத்தான் குடிக்கும். ஒரு நிமிடம் பிசைந்தால் வண்டல் என்று சொல்லும், நாலு நிமிடம் பிசைந்தால்தான் உண்மையைச் சொல்லும்.

9. அமிலச் சொட்டு

ஒவ்வோர் அடுக்கிலும் புதிதாக உடைத்த முகத்தில் ஒரு சொட்டு. நுரைக்கவில்லை, லேசாக, பலமாக, பொங்குகிறது என்று எழுதுங்கள். கல்லின் மேல் விடாதீர்கள், மண்ணில் விடுங்கள். சுண்ணாம்புக்கல் துண்டு ஒன்று இருந்தால் மொத்த அடுக்கும் பொங்குவது போல ஏமாற்றிவிடும். நம்மூர் விவசாயிகள் சுக்கான் என்பார்களே, அதே போன்ற இறுகிய வெள்ளை அடுக்கு இங்கும் வரும். அதில் வேர் எப்படித் திரும்புகிறது என்று பார்த்து வையுங்கள்.

10. வேரும் பயன்படும் ஆழமும்

அடுக்குவாரியாக வேர்களை எண்ணுங்கள். வேர் எங்கே நிற்கிறது என்பதை விட, எங்கே படுக்கைவாட்டில் திரும்புகிறது என்பது முக்கியம். திரும்பிய இடத்தில் ஏதோ தடை இருக்கிறது. இறுகிய களி, சுக்கான், மேய்ச்சலில் அழுந்திய தட்டு, பாறை என நாலில் ஒன்று. மண்ணின் ஆழமும் செடிக்குப் பயன்படும் ஆழமும் ஒன்றல்ல. படிவத்தில் இரண்டையும் எழுதுங்கள்.

11. தண்ணீர்க் கணக்கு

இதுவரை அளந்ததெல்லாம் இதற்காகத்தான். செடி எடுத்துக்கொள்ளக்கூடிய தண்ணீர், ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குத் தோராயமாக, வண்டலில் 1.7 மில்லிமீட்டர், களி வண்டலில் 1.8, மணல் வண்டலில் 1.2. இது கல்லில்லாத மண்ணுக்கு. ஒவ்வோர் அடுக்கிலும் கல்லின் பங்கைக் கழிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டு. மேலே 12 சென்டிமீட்டர் வண்டல், 15 விழுக்காடு கல். அடுத்த 23 சென்டிமீட்டர் களி வண்டல், 35 விழுக்காடு கல். கடைசி 25 சென்டிமீட்டர் மணல் வண்டல், 65 விழுக்காடு கல். அதற்குக் கீழே பாறை. கல்லைக் கழித்தால் முதல் அடுக்கில் 17 மில்லிமீட்டர், இரண்டாவதில் 27, மூன்றாவதில் 10.5. மொத்தம் சுமார் 55 மில்லிமீட்டர். கல்லைக் கழிக்க மறந்தால் 92 வரும். 37 மில்லிமீட்டர் இல்லாத தண்ணீர், அதை நம்பி எத்தனை மாடு விடலாம் என்று ஒருவர் கணக்குப் போடுவார். ஜூலை கடைசியில் அந்தப் பிழைக்குப் புல்தான் விலை கொடுக்கும்.

12. அடிக்கடி சந்திக்கும் மண்கள்

கிரானைட் மேல் உருவான மண். கொலராடோவின் பைக்ஸ் பீக் மலைச் சுற்றுவட்டாரத்தில் இளஞ்சிவப்புப் பொடிச் சரளையாகக் காலடியில் உருளும். தண்ணீரும் சத்தும் நிற்காது, மரமும் புல்லும் போனால் சரிவோடு இறங்கிவிடும். 2002 இல் ஹேமன் காட்டுத்தீ எரிந்தது பெரும்பாலும் இந்த மண்ணின் மேல்தான். இங்கே குழியின் மேல்பக்கம் நடந்தாலே சுவர் உதிரும்.

மேன்கோஸ் களிப்பாறை மேல் உருவான மண். மேற்குக் கொலராடோவின் கிராண்ட் ஜங்ஷன், டெல்டா, மாண்ட்ரோஸ் ஊர்கள் பக்கம் சாம்பல் நிறத்தில் கிடக்கும். காய்ந்தால் வெடிக்கும், நனைந்தால் வண்டிச் சக்கரத்தைச் சுற்றிக்கொள்ளும். உப்பும் செலினியமும் உண்டு. மஞ்சள் பூக்கதிரோடு உயரமாக நிற்கும் பிரின்ஸ் ப்ளூம் செடியைக் கண்டால் குறித்துவையுங்கள். அது செலினியம் உள்ள மண்ணில் வருவது, கால்நடைக்கு நஞ்சாகலாம் என்பதால் பண்ணைக்காரருக்கும் சொல்லுங்கள்.

பனியாறு கொண்டுவந்து குவித்த மேடுகளில் வயதைப் பார்க்க வேண்டும். வயோமிங்கின் விண்ட் ரிவர் மலையடியில் இரண்டு தலைமுறை மேடுகள் அருகருகே இருக்கின்றன. பைன்டேல் காலத்தவை சுமார் 20,000 ஆண்டு பழையவை, மேலெல்லாம் குண்டுப்பாறை, அடிமண்ணில் களி குறைவு. புல் லேக் காலத்தவை 1,30,000 ஆண்டுக்கும் மேல் பழையவை, வடிவம் மழுங்கி, பாறை குறைந்து, களி சேர்ந்த அடுக்கு தடித்திருக்கும். கல்லின் வகை ஏறக்குறைய ஒன்றே, மண்தான் வேறு.

வட ஐடஹோ, மேற்கு மான்டானாவில் மேல்மண் பவுடர் போல வழுக்கினால் அது எரிமலைச் சாம்பல். சுமார் 7,700 ஆண்டுகளுக்கு முன் ஒரேகனில் மசாமா மலை வெடித்தபோது வந்து படிந்தது. எடை குறைவு, ஆனால் நிறையத் தண்ணீர் பிடிக்கும். மிதித்தால் எளிதில் அழுந்தும்.

ஆஸ்பன் என்ற இலையுதிர் மரத் தோப்புக்கு அடியில் கறுப்பு மேல்மண் தடித்திருக்கும், ஊசியிலைக் காட்டுக்கு அடியில் சருகுப் படுக்கைக்குக் கீழ் வெளிறிய அடுக்கு வரும். ஊசியிலை மரங்களின் நடுவில் தோண்டி, தடித்த கறுப்பு மண் வந்தால், அங்கே முன்பு புல்லோ ஆஸ்பனோ நீண்ட காலம் நின்றிருக்கிறது என்று சொல்லலாம். எல்லையில் எங்காவது ஒரு குழி தோண்டிப் பாருங்கள், எனக்கு இன்னும் அலுக்காத வேலை அது.

13. மூடுதல்

திறந்த குழியை ஒரு இரவுகூட விடாதீர்கள். இருட்டில் கன்று ஒன்று கால் வைத்தால் எலும்பு முறியும்.

பெரிய கல் முதலில் அடிக்கு. பிறகு அடிமண், ஒரு சாணுக்கு ஒருமுறை காலால் மிதித்து இறுக்கி. பிறகு மேல்மண்ணை இறுக்காமல் போடுங்கள். கடைசியாகப் புல்தரைக் கட்டங்களை வெட்டிய வரிசையிலேயே பொருத்தி, சந்துகளில் பொடிமண் தூவி, மிச்சமிருக்கும் குடிதண்ணீரை அதன் மேல் ஊற்றுங்கள். தரையை விட நாலு விரல் உயரமாகவே விடுங்கள், குளிர்காலப் பனி அதை இறக்கிவிடும். மேற்பரப்பில் முதலில் கிடந்த சரளையை எடுத்து வைத்திருப்பீர்கள், அதையும் பாசி பிடித்த பக்கம் மேலே வரும்படி பரப்புங்கள். நாடாவோடு எடுத்த படத்துக்குப் பக்கத்தில், மூடிய தரையையும் ஒரு படம் எடுத்துப் பண்ணைக்காரருக்கு அனுப்பிவிட்டு, வந்த கேட்டை வந்தபோது இருந்தபடி வைத்துவிட்டு வெளியே வாருங்கள்.